காத்திருப்பவர்களும் வந்து சேர்பவர்களும்: டான்யூப் கரையில் ஒரு சைக்கிள் பயணம்

முதல் நாள்: பாஸாவ் முதல் ஷ்லோகன் வரை

ஜெர்மனியின் எல்லை ஊரான பாஸாவில் சைக்கிள் ஏறி, டான்யூப் ஆற்றோடு கூடவே போய், வியன்னாவில் இறங்குவது என்பது திட்டம். சுமார் 320 கிலோமீட்டர். எங்கள் குழுவில் இருக்கும் தம்பிக்கு இது ஒரு நாள் வேலை. அக்காவுக்கு ஒரு வருடக் கனவு. அதனால் ஆறு நாள் என்று முடிவானது. தினமும் இரவு தங்குமிடத்தில் உட்கார்ந்து எழுதிப் போடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது கைவலி.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் மூத்தவரை நாங்கள் அண்ணன் என்போம். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்ற 1,200 கிலோமீட்டர் ஓட்டத்தை 90 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தவர். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய அந்த ஓட்டம், இப்போது முதலிடம் கடைசி இடம் என்ற கணக்கு இல்லாமல் நான்கு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது. அடுத்தவன் தம்பி. வயது இருபத்தாறு, பந்தயச் சைக்கிள், கால்சராய் முதல் காலுறை வரை எல்லாம் உடம்போடு ஒட்டியது. அப்புறம் அக்கா, போன வருடம்தான் சைக்கிள் கற்றுக்கொண்டவர். அவருடைய கணவருக்கு முழங்கால் சரியில்லை, மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுத்திருக்கிறார். அக்காவின் கணவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவர் அத்தான். ஐந்தாவது ஆள் நான். வேகமும் இல்லை, புதிதும் இல்லை. நடுவில் இருப்பதால் இரண்டு பக்கத்துப் புலம்பலும் என் காதுக்குத்தான் வருகிறது.

பாஸாவில் டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் ஒன்று சேர்கின்றன. நகர மன்றத்தின் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் நீர்மட்டம் 12.89 மீட்டர், 1501-க்குப் பிறகு அதுதான் உச்சம். அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

இந்தப் பாதையின் பெரும்பகுதி, ஒரு காலத்தில் குதிரைகள் கரையோரம் நடந்து படகுகளை ஆற்றின் எதிர்த்திசையில் இழுத்துப்போன தடம். அதனால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. ஏற்றம் இல்லாததால் எல்லோரும் வருகிறார்கள். பக்கவாட்டுப் பைகள் தொங்க ஊர்ந்து போகிற ஓய்வுபெற்ற தம்பதிகள், பின்னால் வண்டி கட்டிக் குழந்தையை ஏற்றியவர்கள், பயிற்சிக்கு வந்த பந்தயக்காரர்கள். மலைப்பாதையில் ஏற்றமே ஆட்களைப் பிரித்துவிடும். இங்கே பிரிக்க எதுவும் இல்லை. கை நீட்டினால் அடுத்தவர் தோளைத் தொடுகிற அகலத்தில், மணிக்கு 12 கிலோமீட்டர் போகிறவரும் 35 போகிறவரும் ஒன்றாக ஓட்டியாக வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குள் முதல் சம்பவம். பின்னாலிருந்து நான்கு பந்தயக்காரர்கள் சத்தமே இல்லாமல் வந்து, அக்காவின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, சர்ரென்று போனார்கள். அக்கா வெலவெலத்துப்போய்ப் புல்லில் இறங்கி நின்றுவிட்டார். விழவில்லை. தம்பி சட்டென்று, "அவங்களுக்கு மணி இருக்காது அக்கா" என்றான். உண்மைதான். ஆஸ்திரியாவில் சைக்கிளுக்கு மணி கட்டாயம், ஆனால் விதிப்படி எடை குறைந்த பந்தயச் சைக்கிளுக்கு விலக்கு உண்டு. ஊரிலேயே வேகமாகப் போகிற சைக்கிளுக்குத்தான் சத்தம் எழுப்பும் கடமை இல்லை! விதியை எழுதியவர் மெதுவாகவே ஓட்டாதவராக இருக்க வேண்டும்.

மணி இல்லாவிட்டால் வாய் இருக்கிறதே என்பது அண்ணனின் கட்சி. மணி இருந்தாலும் எங்கே அடிப்பது என்பதில்தான் விஷயம் என்றார். முப்பது மீட்டர் முன்னாலேயே ஒரு முறை அடித்தால் அது செய்தி. முதுகுக்குப் பின்னால் அடித்தால் அது அதட்டல். அக்கா இதைக் கேட்டுவிட்டு, "எவ்வளவு தூரத்திலே அடிச்சாலும் எனக்கு 'நகரு'ன்னு சொல்ற மாதிரிதான் இருக்கு" என்றார். பழகியவர்களுக்கு இது புரிவதே இல்லை. மணிச்சத்தம் கேட்டதும் புதியவர் திரும்பிப் பார்ப்பார், தலை திரும்பிய பக்கமே கைப்பிடியும் திரும்பும். முந்த வந்தவர் எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கத்துக்கே சைக்கிள் போகும். எனவே அண்ணன் அக்காவிடம் சொன்னது ஒன்றே ஒன்று: மணி கேட்டால் ஒன்றும் செய்யாதே, வலது ஓரமாக, நேராகப் போய்க்கொண்டே இரு. முந்துவது அவர் வேலை.

ஷ்லோகனுக்கு முன்னால் டான்யூப் கடினமான பாறையைக் குடைய முடியாமல் வந்த திசைக்கே திரும்பி வளைகிறது. நாங்கள் வந்த இடக்கரையில் பாதை அங்கே நின்றுவிடும், சைக்கிளோடு படகில் ஏற வேண்டும். படகில் பார்த்தால் காலையில் சத்தமில்லாமல் போன அந்த நால்வரும் இருந்தார்கள். நல்ல மனிதர்கள். அக்காவின் சைக்கிளைத் தூக்கி ஏற்றியதே அவர்களில் ஒருவர்தான். காலையில் நடந்தது அவர்களுக்கு நினைவே இல்லை.


இரண்டாம் நாள்: ஷ்லோகன் முதல் லின்ஸ் வரை

ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். வெயில், நல்ல பாதை, பின்னாலிருந்து லேசான மேற்குக் காற்று. இந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் காற்று வரும். அதனால்தான் பலரும் வியன்னாவை நோக்கி ஓட்டுகிறார்கள்.

இவ்வளவு சாதகம் இருந்தும் பதினோரு மணிக்கெல்லாம் அக்காவின் முகம் வாடிவிட்டது. கால் வலியா என்று கேட்டால் இல்லை என்கிறார். கொஞ்ச நேரம் கவனித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. தம்பியும் அத்தானும் முன்னால் போய் ஒரு நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, படம் எடுத்து, காலை நீட்டி, பதினைந்து நிமிடம் இளைப்பாறுவார்கள். அக்கா மூச்சு வாங்க வந்து சேர்வார். "வந்துட்டீங்களா அக்கா, சூப்பர்!" என்று சொல்லிக்கொண்டே இருவரும் சைக்கிளில் ஏறுவார்கள். அதாவது ஓய்வே தேவைப்படாதவர்களுக்கு முழு ஓய்வு, ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. காத்திருந்தோமே, அதுதானே மரியாதை என்று அவர்கள் உண்மையாகவே நினைக்கிறார்கள்.

சைக்கிள் குழுக்களில் புதியவர்கள் இரண்டாம் முறை வராமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்பது என் எண்ணம். விழுந்து அடிபட்டவர்கள்கூடத் திரும்பி வருகிறார்கள். எப்போதும் கடைசியாக வந்து, வந்ததும் கிளம்புகிறவர்கள் வருவதில்லை.

அடுத்த நிறுத்தத்தில் அண்ணன் கைக்கடிகாரத்தைக் காட்டிச் சொன்னார்: "கடைசி ஆள் சைக்கிளைச் சாய்ச்சு வச்ச நேரத்திலேருந்து பத்து நிமிஷம். அதுவரைக்கும் யாரும் ஹெல்மெட்டைத் தொடக்கூடாது." தம்பிக்கு உடம்பு ஆறிவிடுகிறது என்று வருத்தம். "அப்படின்னா நீ இன்னும் அஞ்சு கிலோமீட்டர் போய்த் திரும்பி வா" என்றார். தம்பி நிஜமாகவே போய்விட்டு வந்தான். அது நல்ல ஏற்பாடாகவே அமைந்தது. அவனுக்கு வேண்டிய வேகம் கிடைத்தது, அக்காவுக்கு நிம்மதியாக உட்கார நேரம் கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. புதியவர்கள் "நீங்க போங்க தம்பி, நான் மெதுவா வரேன்" என்று சொல்வார்கள். அக்காவும் சொன்னார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. சில நேரம் அதன் பொருள் "என்னால் உங்களுக்குத் தொந்தரவு, வெட்கமாக இருக்கிறது" என்பது. சில நேரம் "கொஞ்ச நேரம் என்னைத் தனியாக விடுங்கள்" என்பது. எது என்று தெரிய முகத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் முப்பது மீட்டரில் முதுகு காட்டிப் போகிறவருக்கு முகம் தெரியாது.

மதியத்துக்குப் பிறகு அண்ணன் கடைசி ஆளாக ஓட்டினார். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஒட்டுமொத்தப் பட்டியலில் கடைசியாக இருப்பவரைச் சிவப்பு விளக்கு என்று அழைப்பது வழக்கம். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கிலிருந்து வந்த பெயர். கேலிப்பெயர் மாதிரித் தோன்றினாலும் ரசிகர்களுக்கு அந்த ஆளைப் பிடிக்கும். அண்ணன் அந்த விளக்கைத் தானே மாட்டிக்கொண்டார். ஆனால் அக்காவின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு, ஏதோ தனக்கே களைப்பு மாதிரி வந்தார். முதுகுக்குப் பின்னால் ஒருவர் வருவது தெரிந்தால் புதியவர் தன் வேகத்தை விட்டுவிட்டு, பின்னால் வருபவருக்குப் பிடித்திருக்கும் என்று தான் நினைக்கிற வேகத்தில் மிதிப்பார். பத்து கிலோமீட்டரில் சக்தி காலி.

வில்ஹெரிங்கிலிருந்து ஓட்டன்ஸ்ஹைமுக்கு ஒரு படகு. மேலே கம்பி கட்டி, ஆற்றின் ஓட்டத்தையே விசையாக்கி அக்கரை சேர்கிறது. அத்தான் படகுக்காரர் பக்கத்திலேயே நின்று அது எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார், இறங்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டார். லின்ஸுக்கு முன்னால் நெடுஞ்சாலை ஓரமாக ஓட்ட வேண்டிய பகுதி இரைச்சலாக இருந்தது, சொல்ல ஒன்றுமில்லை.


மூன்றாம் நாள்: லின்ஸ் முதல் கிரைன் வரை

இன்று அத்தானின் நாள்.

மவுட்ஹவுசன் ஊருக்கு மேலே குன்றின்மீது நாஜிகளின் வதைமுகாம் இருந்த இடம் நினைவிடமாக இருக்கிறது. 1938 முதல் 1945 வரை நடந்த முகாம், குறைந்தது தொண்ணூறாயிரம் பேர் இறந்திருக்கிறார்கள். ஆற்றிலிருந்து அங்கே போகும் சாலை செங்குத்தானது. அக்காவும் நானும் தள்ளிக்கொண்டு நடந்தோம். உள்ளே கழித்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி ஒரு பயணக் குறிப்பில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இறங்கி வந்து சமவெளியில் போகும்போதுதான் பேச்சு தொடங்கியது. அந்த ஏற்றத்தில் அத்தான் உட்கார்ந்தபடியே ஏறிப்போனார். வழியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிய இரண்டு பேரைத் தாண்டினார். அவர்களில் ஒருவர் ஏதோ சொன்னார், சிரித்தார். மொழி தெரியாவிட்டாலும் மோட்டாரைப் பற்றித்தான் என்று தெரிந்தது. அத்தான் அதை அரை நாள் மனதில் வைத்திருந்தார். "நான் ஏமாத்துற மாதிரி பார்க்கிறாங்கப்பா" என்றார்.

ஐரோப்பிய விதிப்படி இந்த வகைச் சைக்கிளில் மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, மிதித்தால்தான் உதவும், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி நின்றுவிடும். முழங்கால் போன மனிதரை மனைவியோடு ஆறு நாள் சைக்கிள் ஓட்ட வைக்க வேறு வழி என்ன இருக்கிறது?

அண்ணன் ஒரு பழைய கதை சொன்னார். டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி டெக்ராஞ்சுக்குக் கியர் மாற்றும் கருவியே பிடிக்காது. அதெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு என்ற பொருளில் 1902-இல் எழுதினார். வெறும் தசைபலத்தால் ஜெயிப்பதுதான் அழகு என்பது அவர் வாதம். டூரில் கியர் மாற்றும் கருவியை அனுமதிக்க 1937 வரை ஆனது. கியருக்காக வாதாடியவர் பால் டி விவி என்ற பிரெஞ்சுக்காரர், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். தற்பெருமைக்காக மிதிக்காதே என்பதையும் அவர் நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்குச் சொன்ன அறிவுரைகளில் ஒன்றாக வைத்திருந்தார். இன்று மின்சார சைக்கிளைப் பார்த்துச் சிரிக்கிறவரின் சக்கரத்திலும் பத்துப் பன்னிரண்டு பல்சக்கரங்கள் இருக்கின்றன. தாத்தா காலத்தில் அதற்கும் இதே சிரிப்புதான்.

சரி, அத்தான் பக்கமே முழுக்கப் பேசிவிட முடியாது. சாதாரண சைக்கிளில் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க ஒருவருக்குப் பல மாதம் ஆகும். அந்த மாதங்களில் பிரேக் பிடிக்கவும், வளைவைப் படிக்கவும், எதிரே நாய் வந்தால் என்ன செய்வது என்றும் கற்றுக்கொண்டுவிடுவார். மோட்டார் வேகத்தை மட்டும் முதல் நாளே தந்துவிடுகிறது. சைக்கிளின் எடையும் அதிகம், நிற்க நேரம் ஆகும். இன்று ஒரு குழந்தை குறுக்கே வந்தபோது அத்தான் நின்றது கடைசி ஒரு மீட்டரில். கேலி செய்த ஆள் சிரிப்பதற்குப் பதில் இதைச் சொல்லியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். மாலையில் தம்பி ஒரு காலியான வண்டி நிறுத்துமிடத்தில் அத்தானை அரை மணி நேரம் பிரேக் பிடிக்க வைத்தான். இரண்டு கை பிரேக்கையும் சேர்த்துப் பிடி, உடம்பைப் பின்னால் தள்ளு, பார்வை முன்னால். "வாங்க அத்தான், இன்னொரு தடவை" என்று அவன் சொன்ன விதத்தில் கொஞ்சமும் இளக்காரம் இல்லை. வேகத்தில் அலட்சியமான பையன், கற்றுத்தருவதில் பொறுமைசாலி. மனிதர்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை.


நான்காம் நாள்: கிரைன் முதல் மெல்க் வரை

கிரைனில் 1791-இல் கட்டிய சிறிய நாடக அரங்கைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், காற்று திரும்பியிருந்தது. கிழக்குக் காற்று, நேரே முகத்தில். இந்த இடத்தில் ஆறு குறுகி, பாறைகளுக்கு நடுவே சுழித்து ஓடிப் படகுகளை முழுங்கியதாம். 1959-இல் கட்டி முடித்த யிப்ஸ்-பெர்சன்பாய்க் அணையால் இப்போது சாதுவாகிவிட்டது. காற்றுக்கு யாரும் அணை கட்டவில்லை.

எதிர்க்காற்றில் தனித்தனியாகப் போவது முட்டாள்தனம். ஒருவர் முன்னால் காற்றைக் கிழிக்க, மற்றவர் அவர் பின்சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளி வரிசையாகப் போனால், வேகத்தைப் பொறுத்துப் பின்னால் இருப்பவருக்குக் கால்பங்கு உழைப்புவரை மிச்சமாகும். பந்தயக்காரர்கள் இதைத் தூக்கத்திலும் செய்வார்கள். புதியவருக்கோ இது பயங்கரம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை உங்கள் முன்சக்கரம் உரசினால் விழுவது நீங்கள்தான், அவர் அல்ல. அதனால் அக்காவை அண்ணன் ஒன்றரை சைக்கிள் இடைவெளியில் வரச் சொன்னார். "பலன் குறையும், பரவாயில்லை. சக்கரத்தைப் பார்க்காதேம்மா, என் முதுகைப் பார்."

இதில் முன்னால் இருப்பவருக்குத்தான் கடமை அதிகம். பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது. குழி இருந்தால் கையால் காட்ட வேண்டும், எதிரே ஆள் வந்தால் குரல் கொடுக்க வேண்டும், திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது, மிதிப்பதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அண்ணன் முன்னால் இருந்தபோது அக்கா முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே எதிர்க்காற்றில் ஓட்டினார். பிறகு தம்பியின் முறை வந்தது. முன்னுக்கு வந்ததும் அவன் கால் தானாகவே வேகம் எடுத்தது. மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான் கூடியிருக்கும். அவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் வரிசை அறுந்துபோனது. அக்கா தனியாகக் காற்றில் நின்றார். தம்பி நானூறு மீட்டர் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

"முன்னால வர்றது உன் பலத்தைக் காட்ட இல்லடா. காத்தை நீ வாங்கிக்க, வேகம் அதேதான்" என்றார் அண்ணன். தம்பிக்குக் கோபம். "நான் மெதுவாத்தான் போனேன்" என்றான். அவனைப் பொறுத்தவரை அது உண்மை. கை வந்துவிட்ட எவருக்கும் தன் வேகம் தனக்குத் தெரியாது. அதைச் சொல்ல பின்னால் ஒரு குரல் வேண்டும். அதன் பிறகு அக்காவுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தோம். அவர் "மெதுவா" என்று கத்தினால் முன்னால் இருப்பவர் காரணம் கேட்காமல் குறைக்க வேண்டும். முதலில் கூச்சப்பட்டார். அரை மணியில் நன்றாகவே கத்தினார்.

யிப்ஸைத் தாண்டியதும் எங்கள் வரிசையின் கடைசியில் ஒரு அந்நியர் வந்து ஒட்டிக்கொண்டார். இளைஞர், பழைய சைக்கிள், முதுகில் பெரிய பை. ஒரு வார்த்தையும் பேசாமல் பின்னாலேயே வந்தார். தம்பிக்குப் பிடிக்கவில்லை. கேட்காமல் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதும் தன் முறை வரும்போது முன்னால் போகாததும் பந்தயக்காரர்கள் மத்தியில் பெரிய குற்றம். வேகம் கூட்டி அவரை உதறிவிடலாம் என்றான். அக்காவோடு சேர்ந்து எப்படி உதறுவான் என்று அவன் யோசிக்கவில்லை. அண்ணன் பின்னால் போய், நீங்கள் கொஞ்சம் முன்னால் வருகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பையன் முகம் மலர்ந்துவிட்டது. முன்னால் போகலாமா கூடாதா என்றே தெரியாமல்தான் பின்னால் வந்திருக்கிறான். வரிசையில் அடுத்தவர் இடத்தைப் பிடித்தால் தப்பாகிவிடுமோ என்ற பயம். மெல்க் வரைக்கும் எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் அவன்தான் காற்றை வாங்கினான்.

1702-இல் தொடங்கி 1736 வரை எழுந்த மெல்க் மடாலயம் பாறைமேல் மஞ்சளாக நின்றது. அதன் அடியில் உட்கார்ந்து தம்பி, 2022 டூரில் நடந்ததைச் சொன்னான். மலை இறக்கத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த பொகாச்சார் விழுந்தபோது, முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையில் இருந்த விங்கெகார்ட் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார், இருவரும் ஓட்டிக்கொண்டே கைகொடுத்துக்கொண்டார்கள். அழகான காட்சிதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் உலகத்தில் முதலாமவரும் இரண்டாமவரும் ஒருவரையொருவர் மதிப்பதில் என்ன கஷ்டம்? சமமானவனிடம் பெருந்தன்மை காட்டினால் நமக்கும் மதிப்பு ஏறும். பழைய சைக்கிளில் பேசாமல் வருகிற பையனிடம் காட்டினால் ஒன்றும் ஏறாது.


ஐந்தாம் நாள்: மெல்க் முதல் கிரெம்ஸ் வரை

குறைந்த தூரம், நிறைந்த கூட்டம். வாஹாவ் பள்ளத்தாக்கு, 2000-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம். இரண்டு பக்கமும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள், குறுகலான கல் பாவிய தெருக்கள். வில்லன்டார்ஃபில் 1908-இல் கிடைத்த சிறிய கல் சிலையின் நகல், டூர்ன்ஷ்டைனில் 1192-93 குளிர்காலத்தில் இங்கிலாந்தின் ரிச்சர்டு மன்னரைச் சிறை வைத்த கோட்டையின் இடிபாடு. எல்லாம் பார்த்தாயிற்று.

இத்தனை நாளும் அனுபவசாலிகளையே குறை சொல்லியிருக்கிறேன். இன்று மறுபக்கம். படம் எடுக்கத் தோன்றிய இடத்தில் பாதையின் நடுவிலேயே நிற்கிறார்கள். நான்கு பேர் வரிசையாக நின்று வரைபடம் பார்க்கிறார்கள். இரண்டு காதிலும் பாட்டு ஓடுகிறது, மணி அடித்தாலும் கத்தினாலும் கேட்காது. பின்னால் பார்க்காமல் இடது பக்கம் திரும்புகிறார்கள். புதியவர் என்பதால் எல்லாவற்றையும் மன்னித்துவிட முடியாது. சைக்கிள் ஓட்டத் தெரியாதவருக்கும் ஓரமாக நிற்கத் தெரியும். அக்காவே ஒரு கும்பலைப் பார்த்து, "நானெல்லாம் இப்படி நிக்க மாட்டேன்பா" என்று முணுமுணுத்தார். நாலு நாளில் மூத்தவர் ஆகிவிட்டார்!

ஷ்பிட்ஸுக்கு அருகில் ஒரு பெண் பஞ்சரான சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தார். கையில் புது ட்யூப், மடியில் கைப்பேசி, அதில் செய்முறைக் காணொளி. தம்பி இறங்கி, புன்னகைத்து, சக்கரத்தை வாங்கி, டயரைக் கழற்றி, உள்ளே முள்ளைத் தேடி எடுத்து, ட்யூப் மாற்றி, காற்றடித்துக் கொடுத்துவிட்டான். கடகடவென்று முடிந்தது. அந்தப் பெண் நன்றி சொன்னார். ஆனால் அவர் முகத்தில் நன்றியோடு வேறு ஏதோவும் இருந்தது. தான் செய்து பார்க்க நினைத்த ஒன்றை யாரோ பிடுங்கிச் செய்துவிட்ட மாதிரி. அடுத்த பஞ்சருக்கும் அவர் யாராவது வருவார்களா என்று பார்க்கத்தான் வேண்டும்.

நின்று, வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பது எவ்வளவு சுலபம். இருக்கிறது என்றால் போய்விடலாம். உதவி வேண்டும் என்றால் அவர் கையாலேயே செய்ய வைக்கலாம். கேட்காத அறிவுரையும் இதே கதைதான். இன்று மட்டும் அக்காவிடம் முன்பின் தெரியாத மூன்று ஆண்கள் சீட்டின் உயரம் தாழ்வாக இருக்கிறது என்று சொன்னார்கள். தாழ்வாகத்தான் இருக்கிறது. கால் தரையில் முழுதாகப் படவில்லை என்றால் அவருக்குப் பயம், அதனால் வேண்டுமென்றே வைத்த உயரம். அத்தானிடம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அவருடைய சீட்டும் தாழ்வுதான்.


ஆறாம் நாள்: கிரெம்ஸ் முதல் வியன்னா வரை

நீளமான நாள். வழியில் ஸ்வென்டன்டார்ஃப் அணுமின் நிலையம். முழுதாகக் கட்டிவிட்டு, 1978-இல் மக்களிடம் வாக்குக் கேட்டு, மயிரிழையில் வேண்டாம் என்று வந்ததால் ஒரு நாளும் இயக்காமல் நிற்கிறது. தம்பி அதன் முன்னால் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டான். டுல்ன் தாண்டியதும் மழைத் தூறல், பிறகு வெயில்.

கிளோஸ்டர்நாய்பர்க்கைக் கடந்து வியன்னாவின் டான்யூப் கால்வாய்ப் பாதையில் நுழையும்போது மாலை ஐந்தரை. வேலை முடிந்து திரும்புகிற கூட்டம். பைகளும் கூடைகளும் குழந்தை இருக்கைகளும் மாட்டிய சாதாரணச் சைக்கிள்கள், கோட்டும் பாவாடையுமாக ஆட்கள். எங்களில் தடுமாறியது யார் தெரியுமா? தம்பி. திறந்த சாலையில் புலி. இங்கே எந்த விளக்கு எப்போது மாறும், எங்கே பாதை பிரியும், எங்கே நடப்பவர்களின் பகுதி தொடங்கும் என்று ஒன்றும் தெரியவில்லை. ஒரு சந்திப்பில் தவறான கோட்டில் நின்றான். பின்னால் கூடை நிறையக் காய்கறியோடு வந்த ஒரு பாட்டி மணியை அடித்துக்கொண்டே இருந்தார். அவன் காது சிவந்தது. அக்கா அவன் பக்கத்தில் போய், "ஒண்ணும் பண்ணாதே தம்பி, ஓரமா நேராப் போ" என்றார். அப்பாவி மாதிரிதான் சொன்னார்.

இரவு சாப்பாட்டில் அடுத்த பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடுத்த தடவை அரை நாளாவது என்னைத் தனியா விடணும். பின்னாலயும் யாரும் வரக்கூடாது. அண்ணன் அம்பது மீட்டர் தள்ளி வர்றது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?" என்றார். அண்ணனுக்கு ஒரு கணம் முகம் சுருங்கியது. நான் அக்கா பக்கம்தான். எவ்வளவு நயமாக வந்தாலும் காவல் காவல்தான்.

"சரிம்மா. ட்யூப் மாத்தத் தெரியுமா?" என்றார் அண்ணன்.

"தெரியாது."

"அப்போ வா."

தங்குமிடத்தின் சைக்கிள் அறையில் அக்காவின் பின்சக்கரத்தை அவர் கையாலேயே கழற்ற வைத்து, நல்ல ட்யூபிலிருந்து காற்றைப் பிடுங்கச் சொன்னார். பின்சக்கரம்தான் கஷ்டம், செயினும் கியரும் அங்கே இருப்பதால். டயர் விளிம்பு ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் வெளியே வருகிறது. அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தம்பி நாலைந்து முறை முன்னால் வந்து, பின்வாங்கி, கடைசியில் பார்க்கவே முடியவில்லை என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். நான் இதை எழுதி முடிக்கும்போதும் கீழே பம்ப் அடிக்கும் சத்தம் கேட்கிறது.